அவன் ஓங்கினான், காவலன் தடுத்தான்

நம் வயதுக்காரர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சண்டைக்கு வந்தாலும் நான் பின்வாங்குவதாக இல்லை. போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, நம் செட்டில் ஒருவர் அந்தப் பழைய தொடர்கதைப் பேச்சை எடுத்தார். வாராவாரம் நாமெல்லாம் அடித்துப் பிடித்துப் படித்த கதை. மலைக் கணவாயில் கையில் வேலோடு நிற்பானே, அந்தக் கணவாய்க் காவலன். "அவன மாதிரி ஒருத்தன் இனிமே பொறக்கணும். தானா போயி யாரையும் தொட மாட்டான். வந்தவனத்தான் வெட்டுவான்" என்றார். சுற்றியிருந்த அத்தனை தலையும் ஆடின. நான் மட்டும் "பொய்" என்றேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள், பேச்சு நின்றுபோயிற்று. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் அந்தக் கதையைக் கண்ணால் படித்தீர்கள். நான் பதினாறு பெண்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவள். அதனால் எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. செட்டிகுளம் மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் வெங்காயக் காடு. மாசியில் வெங்காயம் பிடுங்கிக் காயவைத்து, தலையில் இருக்கிற காய்ந்த தாளை அறுத்து, பட்டறை போடுவார்கள். டவுனிலேயே வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: காற்று போக மூங்கில் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே ஓலை வேய்ந்து வைப்பதுதான் பட்டறை. விதைக்கு வேண்டிய வெங்காயம் மழைக்காலம் வரை அதற்குள் கெடாமல் கிடக்கும்.

தாள் அறுக்கிற பெண்கள் வேப்பமர நிழலில் இரண்டு வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஆளுக்கொரு சின்ன அருவாள். சருகு பறந்து தலைமுடியெல்லாம் ஒட்டும். ஒருத்தி மூக்கை உறிஞ்சினால் வரிசை முழுக்க உறிஞ்சும். அந்தக் காரம் என் பாவாடையில் ஏறினால் மூன்று துவையலுக்குப் போகாது, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

படிக்க வைத்தது அம்மாதான். "சும்மா குந்தியிருக்காதடி. அந்தக் கதைய எங்களுக்கும் படிச்சுக் காட்டு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே கெடக்கு?" என்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்து படித்தேன்.

வாரப் பத்திரிகை கொண்டுவருவது மாமா, அம்மாவின் தம்பி. ஊர் பூலாம்பாடி. ஒவ்வொரு வெங்காயக் காலத்துக்கும் அக்கா வீட்டுக்கு வந்து பட்டறைக்குக் காவல் இருப்பார். வெள்ளிக்கிழமை பெரம்பலூர் போனால் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, மடிப்புக் கலையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். அவரிடம் ஒரு மூங்கில் தடி இருந்தது. நுனியில் பித்தளைப் பூண். எண்ணெய் தடவித் தடவி அது பளபளவென்று இருக்கும். ஓடையில் தண்ணீர் வந்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தடியை ஊன்றித்தான் கடப்பார். எனக்கு அவர்மேல் உயிர். காவலன் வருகிற பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனதில் வேலுக்குப் பதில் அந்தத் தடிதான் தெரியும்.

வரிசையில் ஒரு அக்கா இருந்தாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் குறுக்குக் கேள்வி அக்கா. எழுத்து தெரியாது, கேள்வி தெரியும். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் அருவாளை நிறுத்துவாள்.

"ஏன் பாப்பா, அந்தக் கணவா யாரு ஊருது?"

"காவலனோட ராஜாவுது."

"சரி, இப்ப அவன் எங்க நிக்கிறான்?"

"ஆத்துக்கு அந்தாண்ட."

"அந்தாண்ட யாரு ஊரு?"

"எதிரி ஊரு."

"காவக்காரன்னா தன் வாசல்ல நிக்கணும். அடுத்தவன் வாசல்ல போயி நின்னுக்கிட்டு, வூட்டுக்காரன் வெளிய வந்தா வெட்டுவேன்னா அதுக்குப் பேரு காவலா?"

அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிடும். அவள் காவலன் கட்சி. "அவன் வந்து வெட்டுற வரைக்கும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? முந்திக்கிட்டாத்தானே புள்ளகுட்டிங்க பொழைக்கும்."

"முந்திக்கிறவன் எல்லாம் இதத்தாங்க்கா சொல்றான்" என்பாள் அவள், சிரித்துக்கொண்டே.

பட்டறை மேலே ஓலை சரிசெய்துகொண்டிருக்கும் மாமா அங்கிருந்தே கத்துவார். "ஏத்தா, நீ எதிரி நாட்டுக்காரியா? உன்னத்தான் மொதல்ல புடிச்சுக் கட்டணும்." வரிசை முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் கேள்வியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டாள்.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். என் வீரனை ஒருத்தி வாராவாரம் கூண்டில் ஏற்றுகிறாள், நான் பதில் தெரியாமல் முழிக்கிறேன். அந்த ஆத்திரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அந்த வாரத்துக் கதையில், ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கிற ஒருவன் காவலனைப் பார்த்துவிட்டு ஓடுகிறான். ஊருக்குள் போய்ச் சொல்லிவிடுவான் என்று, ஓடுகிறவன் முதுகில் காவலன் வேலை எறிகிறான். அச்சில் அப்படித்தான் இருந்தது. வீட்டில் முதலில் படித்தபோதே அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடிவிட்டேன். குறுக்குக் கேள்வி அக்கா இதை விடுவாளா? கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். மறுநாள் கூடை மேல் உட்கார்ந்து அந்த இடம் வந்ததும், ஒரு நொடிகூடத் தயங்காமல் நானாக ஒரு வரி போட்டுப் படித்தேன்: "அவன் அரிவாளை ஓங்கினான். காவலன் தடுத்தான்."

"அப்படிப் போடு!" என்றார் மாமா, தொடையைத் தட்டி.

குறுக்குக் கேள்வி அக்கா எழுந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பொம்மைய காட்டு" என்றாள். படத்தில் வேல் முதுகில்தான் குத்தியிருந்தது. ஆட்டுக்காரன் கையில் ஒரு குச்சிகூட இல்லை.

"முதுகுலல்ல ஏறியிருக்கு?"

"படம் போட்டவரு அவசரத்துல மாத்திப் போட்டுட்டாருக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "படம் போட்டவரு கண்ணுல வெங்காயம் பட்டுருச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மாமாவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அந்த வாரம் முழுக்க மாட்டை ஓட்டினாலும், காக்கையை விரட்டினாலும், "அவன் ஓங்குனான், நான் தடுத்தேன்" என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே திரிந்தார்.

அடுத்த சனிக்கிழமை அது நடந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் பக்கத்துக் காட்டில் ஒரு மூட்டை வெங்காயம் திருட்டுப் போயிருந்தது. மாமா தூங்காமல் கண் சிவந்து திரிந்தார். வெயில் ஏறியதும் பெண்கள் கூழ் குடிக்கக் கிணற்றடிக்குப் போனார்கள். நான் மட்டும் தாள் குவியலுக்குப் பின்னால் நிழலில் பத்திரிகையோடு சாய்ந்துகிடந்தேன். குறுக்குக் கேள்வி அக்காவின் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தழை அறுக்கப் போகிற வழியில் காட்டுக்குள் வந்தார். பெண்டாட்டி தன் அருவாளைப் பட்டறை ஓரம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் குனிந்து அதை எடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. பின்னாலிருந்து மாமா வந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடி அவருடைய தோளில் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் எனக்கு அதற்கு முன்னும் தெரியாது, அதற்குப் பின்னும் நான் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். அவர் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். அருவாள் அவர் பக்கத்தில் கிடந்தது. மாமா மூச்சு வாங்க நின்று, எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"அவன் ஓங்குனான், நான் தடுத்தேன்."

என் வரி. என் வாயிலிருந்து போன வரி. குறுக்குக் கேள்வி அக்கா புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளே தவிர, அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தோளுக்கு உளுந்து மாவும் முட்டையும் பூசிக் கட்டுக் கட்டினார்கள். மறுவாரம் ஞாயிறு காலை மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து என்று நாட்டாமை சொல்லிவிட்டார். ஊர் முழுக்க ஒரே பேச்சு. மாமா சொன்னது சரி என்றால் அந்த மனிதர் திருடன். திருடனை ஸ்டேஷனில் கொடுத்துவிடுவார்கள், அந்த வீட்டு ஆட்களை எங்கள் ஊரில் யாரும் காட்டுக்குள் விடமாட்டார்கள். கூலி வேலையை விட்டால் அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

வீட்டில் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினாள். "என்னடி பாத்த?"

சொன்னேன். அவள் முகம் கறுத்தது.

"நீ ஒண்ணும் பாக்கல. தூங்கிட்டு இருந்த. கேட்டா அப்படித்தான் சொல்லணும். அவன் எந்தம்பிடி. எங்கப்பாவுக்கு அப்புறம் எனக்குப் பொறந்த வூடுன்னு இருக்கப்போறது அவன் ஒருத்தன்தான்."

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மழை வருமா வராதா என்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாமா வழக்கம்போல் பத்திரிகை வாங்கிவந்தார். என் மடியில் வைத்து, தலையைத் தடவி, "இந்த வாரம் சண்டை ஜோரா இருக்கு பாப்பா. பஞ்சாயத்துல ஒண்ணும் பயப்படாத. நீ பாத்தத சொன்னா போதும்" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்த மனிதர் அருவாளை ஓங்கினார் என்று அவர் முழு மனசாக நம்பினார். அதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டுப் படுத்துகிறது. பொய் சொல்கிறவனிடம் கோபப்படலாம். தான் காவலன் என்று நம்பி அடிக்கிறவனை என்ன செய்வது? அந்த வாரப் பத்திரிகையை நான் பிரிக்கவே இல்லை. அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பார்த்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

ஞாயிறு காலை கோயில் வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. ஒரு பக்கம் தோளில் கட்டோடு அவர், பக்கத்தில் குறுக்குக் கேள்வி அக்கா. இன்னொரு பக்கம் மாமா. நாட்டாமை என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாம சொல்லு தாயி. யாரு மொத ஓங்குனது?"

"யாரும் ஓங்கலைங்க. அவரு அருவா எடுக்கக் குனிஞ்சாரு. மாமாதான் பின்னால வந்து அடிச்சாரு."

கூட்டம் சலசலத்தது. மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. தாள் அறுக்கிற வரிசையிலிருந்தே ஒருத்தி குரல் கொடுத்தாள். "இவ பேச்ச நம்பாதீங்க. பொஸ்தகத்துல பொம்மை ஒண்ணு இருக்கும், இவ ஒண்ணு படிப்பா. நாங்களே பாத்திருக்கோம்." யாரோ ஒரு பெரியவர், "கதை படிக்கிற புள்ள, கதை சொல்லுது" என்றார். சிரிப்பு கிளம்பியது. நாட்டாமைகூட மீசையைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழவில்லை. அழுதால் முடிந்தது கதை என்று தெரிந்தது. "ஆமாங்க. கதையில பொய் சொன்னேன். ஓடுனவன முதுகுல குத்துனான்னு போட்டிருந்துச்சு, நான் மாத்திப் படிச்சேன். மாமா சொல்றாரே 'ஓங்குனான், தடுத்தேன்'னு, அது நான் கட்டுன வரி. கதையில சொன்னேன். இதுல சொல்லல" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். பெண்கள் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தவள், ஆட்களைத் தாண்டிக்கொண்டு நடுவில் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? எம் மவ சொல்றது நெசம். நானும் பாத்தேன்."

சிரிப்பு நின்றது.

"கெணத்தடியிலேருந்து திரும்பி வந்தேன். எங்கண்ணால பாத்தேன். குனிஞ்சவனத்தான் அடிச்சான். எந்தம்பிதான், அதுக்காக இல்லன்னு ஆயிடுமா?"

தம்பிக்கு எதிராக அக்கா வந்து சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? அந்த மனிதர்மேல் குற்றம் இல்லை, மாமா எல்லார் முன்னாலும் அவரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாட்டாமை சொன்னார். மாமா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, துணியைச் சுருட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டார். அம்மா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப்பிறகு அம்மா பூலாம்பாடிக்குப் போனது ஒரே ஒரு தடவை, அவளுடைய அப்பா செத்த அன்றைக்கு. போய், வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை குறுக்குக் கேள்வி அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்ததும், "பாப்பா, மாத்திப் படிச்சியே, அந்தப் பக்கத்த எடு. இப்ப உள்ளத உள்ளபடி படி" என்றாள். படித்தேன். ஓடுகிறவன் முதுகில் வேல் ஏறுகிற வரி வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. பஞ்சாயத்தில் என்னைப் பொய்க்காரி என்றவள் தலையைக் குனிந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் சரி. மேல படி, என்னதான் ஆச்சுன்னு பாப்போம்" என்றாள் அக்கா. அவளுக்கும் கதை வேண்டியிருந்தது. மாமாவுக்குப் பதில் அப்பா பத்திரிகை வாங்கிவர, முடிவு வரைக்கும் ஒரு வாரம்கூட விடாமல் கேட்டாள், கேள்வியையும் விடவில்லை.

ஆகவே, நம் வயதுக்காரர்களே, வளைகாப்பு வீட்டில் தலையாட்டிய அத்தனை பேரும் கேளுங்கள். அந்தக் காவலன் தானாகப் போய் யாரையும் தொடவில்லை என்கிறீர்களே, பழைய பைண்டு புத்தகம் பரணில் இருந்தால் இறக்கிப் பாருங்கள். அவன் கணவாயில் நின்ற வாரங்களைவிட ஆற்றுக்கு அந்தாண்டை நின்ற வாரங்கள்தான் அதிகம். நம் பக்கத்து ஆள் என்பதால் நாம் அதற்குக் காவல் என்று பெயர் வைத்தோம். நான் ஒருபடி மேலே போய் வரியையே மாற்றினேன். உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பொய் பொய்தான்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து நான் பெரியவளானேன். பெண் உட்காருவதற்குப் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டியது தாய்மாமன். பூலாம்பாடிக்கு ஆள் அனுப்பினார்கள். போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான். "தாய்மாமன் இல்லாம என்ன சடங்கு?" என்று தெருப் பெண்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். தானே தென்னமட்டை இழுத்துவந்து, தானே கீற்று முடைந்து, வாசல் மூலையில் குச்சுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். "இதையெல்லாம் பொம்பளை செய்யலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "நான் செய்யிறேன். நீ பாத்துட்டுப் போ" என்றாள் அம்மா.

எல்லாரும் போன பிறகு, அவள் கயிறு இழுத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "ஏம்மா, அன்னிக்கு நீ எந்தப் பக்கம் நின்னு பாத்த? நீ வந்தது எனக்குத் தெரியவே இல்லையே?"

"நான் எங்கடி பாத்தேன்?"

எனக்குப் புரியவில்லை.

"கெணத்தடியில தூக்குச்சட்டி கழுவிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் ஓடுனாங்கன்னு நானும் ஓடியாந்தேன்."

"அப்புறம் எங்கண்ணால பாத்தேன்னு சொன்னியே!"

அம்மா முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். "அத்தனை பேருக்கு நடுவுல உன்ன ஒத்தையில நிக்க வச்சுச் சிரிச்சாங்க. எந்தம்பி எப்படின்னு எனக்குத் தெரியும், நீ எப்படின்னும் தெரியும். வேற எதப் பாக்கணும்?"

ஓலையை விலக்கி, "உள்ள போயி உக்காரு. குனிஞ்சு போ, தலையில இடிக்கும்" என்றாள். நான் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.